சிறுநீரகத்தின் கணக்குப்பிள்ளை

‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்பது நம் முன்னோர் வாக்கு. உப்பிட்டவரை நினைப்பது மனிதப் பண்பு. உப்பையே உள்ளளவும் நினைத்துக்கொண்டிருப்பதைத் தன் தொழிலாகக் கொண்ட ஓர் உறுப்பும் நம் உடலில் உண்டு. அதுவே சிறுநீரகம். முதுகெலும்பின் இருபுறமும் அவரை விதை வடிவில், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 150 கிராம் எடையில் அமைந்துள்ள இவ்விரண்டையும் கழிவை வெளியேற்றும் வடிகால்கள் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அது பாதி உண்மையே. சிறுநீரகத்தின் உழைப்பில் பெரும்பகுதி வெளியேற்றுவதில் செலவாவதில்லை; மீட்பதில் செலவாகிறது. அவ்வாறு மீட்கப்படும் பொருள்களில் தலையாயது உப்பு.

எவ்வளவு உப்பை மீட்க வேண்டும், எப்போது மீட்பைக் குறைக்க வேண்டும் என்ற கணக்கைச் சிறுநீரகத்தில் யார் பார்க்கிறார்கள்? அல்டோஸ்டீரோன், ஆஞ்சியோடென்சின் போன்ற ஹார்மோன்களைப் பற்றி விலங்கியல் வகுப்பில் படிக்கிறோம். அவை மேலிடத்து ஆணைகளைப் போன்றவை. ஆனால் அந்தந்த இடத்திலேயே உட்கார்ந்து, அந்தந்த நொடியில் வரவு செலவு பார்க்கும் கணக்குப்பிள்ளை ஒருவன் இருக்கிறான். அவன் பெயர் அடினோசின். விலங்கியல் மூன்றாம் ஆண்டு மாணவனாகிய நான், கடந்த ஓராண்டாக இம்மூலக்கூற்றைப் பற்றிப் படித்தவற்றை, வரலாறும் பொருளாதாரமும் தமிழும் பயிலும் நண்பர்களும் விளங்கிக்கொள்ளும் வகையில் இங்கே எழுத முயல்கிறேன்.

மீட்பின் அளவு

முதலில் சில எண்கள். நம் உடல் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத இரு சிறுநீரகங்களுக்கும், இதயம் இறைக்கும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு செல்கிறது. அங்கே நிமிடத்திற்கு ஏறத்தாழ 125 மில்லிலிட்டர் நீர்மம் வடிகட்டப்படுகிறது. ஒரு நாளைக்குக் கணக்கிட்டால் 180 லிட்டர்! நாம் வெளியேற்றும் சிறுநீரோ ஒன்று அல்லது இரண்டு லிட்டர்தான். எஞ்சியது அனைத்தும் இரத்தத்திற்குத் திரும்புகிறது.

அந்த 180 லிட்டரில் கரைந்துள்ள சோடியத்தைச் சமையல் உப்பாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ வரும். நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம் ஒரு மாதத்திற்கு வாங்கும் உப்பை, நம் ஒவ்வொருவரின் சிறுநீரகமும் ஒரே நாளில் வடிகட்டி, அதில் நூற்றுக்கு 99 பங்கை மீட்டுக் கொடுக்கிறது. எஞ்சிய ஒரு பங்கில்தான் நாம் அன்றன்று உண்ட உப்பு வெளியேறுகிறது. இந்த மீட்பில் ஒரு விழுக்காடு பிசகினாலும் உடலின் உப்புக் கணக்கே புரண்டுபோகும். இரத்த அழுத்தம், உடல் வீக்கம், மயக்கம் முதலிய பல தொல்லைகளுக்கு இந்தக் கணக்குப் பிழையும் ஒரு காரணமாகும்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. ஒவ்வொரு நெஃப்ரானின் தொடக்கத்திலும் குளோமெருலஸ் என்னும் நுண்குழல் முடிச்சு இருக்கிறது. வடிகட்டுவது அதன் வேலை. அங்கிருந்து வடிநீர் அண்மைச் சுருள்குழல், ஹென்லியின் வளைவு, சேய்மைச் சுருள்குழல், சேகரிப்புக் குழல் என்ற வரிசையில் பயணம் செய்கிறது. சோடியத்தில் மூன்றில் இரண்டு பங்கு அண்மைச் சுருள்குழலிலேயே மீட்கப்படும். நான்கில் ஒரு பங்கை ஹென்லி வளைவின் தடித்த ஏறுபகுதி மீட்கும். எஞ்சிய சிறு பங்கைக் கடைசிப் பகுதிகள் நுணுக்கமாகச் சரிசெய்யும்.

இம்மீட்பு இலவசமாக நடைபெறுவதன்று. குழலின் சுவராக அமைந்த ஒவ்வோர் உயிரணுவும், தன் இரத்தப்புறத்துச் சவ்வில் சோடியம்-பொட்டாசியம் இறைப்பியை வைத்திருக்கிறது. இவ்விறைப்பி ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே எடுத்துக்கொள்ளும். கொல்லைப்புறத்தில் நீரை இறைத்துக்கொண்டே இருந்தால் முன்புறத்துப் பள்ளத்தில் நீர் தானே வந்து சேர்வதைப் போல, உயிரணுவுக்குள் சோடியம் குறையக் குறைய, குழலின் உட்புறத்திலிருந்து புதிய சோடியம் உள்ளே பாய்கிறது. டென்மார்க் நாட்டு அறிஞர் ஜென்ஸ் ஸ்கௌ 1957இல் இவ்விறைப்பியைக் கண்டு வெளியிட்டார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997இல், வேதியியலுக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

இறைப்பியின் ஒவ்வொரு சுற்றுக்கும் கூலி ஒரு மூலக்கூறு ஏ.டி.பி. உடல் முழுவதும் பயன்படுத்தும் ஆக்சிஜனில் 7 முதல் 10 விழுக்காடு வரை இச்சிறு உறுப்புகளே எடுத்துக்கொள்வதற்கு இக்கூலியே பெரும் காரணம்.

விறகும் சாம்பலும்

கலியாண வீட்டுக் கோட்டை அடுப்பில் எவ்வளவு விறகு எரிந்தது என்பதை அறிய விறகுக் கட்டுகளை எண்ண வேண்டியதில்லை. சாம்பலைப் பார்த்தே அனுபவசாலியான சமையற்காரர் சொல்லிவிடுவார். உயிரணுவின் விறகு ஏ.டி.பி. என்றால், அதன் சாம்பல்தான் அடினோசின்.

ஏ.டி.பி. என்பது அடினோசினோடு மூன்று பாஸ்பேட்டுகள் தொடர்ந்து இணைந்த பொருள். ஒரு பாஸ்பேட் கழன்றால் ஏ.டி.பி. என்பது ஏ.டி.பி.யின் தம்பியாகிய இரு பாஸ்பேட் பொருளாகும். இன்னும் ஒன்று கழன்றால் ஏ.எம்.பி.; மூன்றும் கழன்றால் எஞ்சுவது வெறும் அடினோசின். வழக்கமாக உயிரணு இருபாஸ்பேட்டுப் பொருளை உடனே மீண்டும் ஏ.டி.பி.யாக்கிக்கொள்ளும். ஆனால் உழைப்பு மிகுந்து, ஆக்சிஜன் வரவு குறையும்போது ஆக்கம் பின்தங்குகிறது; அடினோசின் குவிகிறது. அது உயிரணுவை விட்டு வெளியே கசிகிறது. இன்னொரு வழியும் உண்டு. சில உயிரணுக்கள் ஏ.டி.பி.யையே வெளியே விடுகின்றன. வெளிச்சவ்வில் காத்திருக்கும் நொதிகள் அதன் பாஸ்பேட்டுகளை வெட்டி அடினோசினாக மாற்றிவிடுகின்றன. இறுதி வெட்டைச் செய்யும் நொதிக்கு சி.டி.73 என்று பெயர்.

அடினோசின் வரலாற்றில் 1929ஆம் ஆண்டு மறக்க முடியாதது. அவ்வாண்டில்தான் ஜெர்மனியில் கார்ல் லோமானும், அமெரிக்காவின் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயும் எல்லாப்பிரகட சுப்பாராவும் தனித்தனியே ஏ.டி.பி.யைக் கண்டறிந்தனர். சுப்பாராவ் 1895இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. அதே 1929இல் இங்கிலாந்தில் ட்ரூரியும், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஸெண்ட்-கியோர்கியும், அடினோசினை விலங்குகளின் இரத்தத்தில் செலுத்தினால் இதயத் துடிப்பு மெதுவாவதையும் இரத்தக் குழாய்கள் விரிவதையும் கண்டு எழுதினர். விறகும் சாம்பலும் ஒரே ஆண்டில் அறிவியலின் கண்ணில் பட்டன. ஆனால் இரண்டையும் இணைத்துப் பார்க்க இன்னும் பல ஆண்டுகள் தேவைப்பட்டன.

நான்கு பூட்டுகள்

வெளியே வந்த அடினோசின் சும்மா இருப்பதில்லை. உயிரணுக்களின் மேற்பரப்பில் அதற்கென்றே ஏற்பிகள் உள்ளன. ஒரே சாவி நான்கு பூட்டுகளில் நுழைவதுபோல, ஏ1, ஏ2ஏ, ஏ2பி, ஏ3 என்னும் நான்கு ஏற்பிகளில் அது பொருந்துகிறது. ஆனால் நான்கும் ஒரே கதவைத் திறப்பதில்லை. ஏ2 வகை இரண்டும் உயிரணுவுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் உள்தூதனைப் பெருக்குகின்றன. ஏ1, ஏ3 ஆகியவை அதைக் குறைக்கின்றன. ஆகவே அடினோசின் என்ன செய்யும் என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. எந்த ஏற்பியின்மேல், எந்த இடத்தில் என்று கேட்க வேண்டும்.

அடினோசினின் ஆயுளும் மிகக் குறுகியது. இரத்தத்தில் சில விநாடிகளே அது நிலைக்கும். அதற்குள் உயிரணுக்கள் அதை உறிஞ்சிக்கொள்ளும். அல்லது நொதிகள் அதை இனோசினாக மாற்றிவிடும். தொலைதூரம் செல்லும் ஹார்மோன் அன்று இது. பிறந்த தெருவைத் தாண்டாத தூதன். இந்தக் குறையே அதன் சிறப்பும் ஆகும். அந்தந்த இடத்தின் செலவை அந்தந்த இடத்திலேயே தெரிவிக்க, தெருவைத் தாண்டாத தூதனே ஏற்றவன்.

இதயத்திற்கு ஒன்று, சிறுநீரகத்திற்கு வேறொன்று

1963இல் அமெரிக்க உடலியலாளர் ராபர்ட் பெர்ன் இதயத்தைப் பற்றி ஒரு கருத்தை முன்வைத்தார். இதயத் தசைக்கு ஆக்சிஜன் பற்றாக்குறை நேர்ந்தால் அங்கே அடினோசின் தோன்றுகிறது. அது இதயத்துக்கு வரும் இரத்தக் குழாய்களை விரிக்கிறது. அதனால் ஆக்சிஜன் வரவு கூடுகிறது என்றார். பசித்தவன் குரல் கொடுக்க, சோறு வந்து சேர்கிறது. இது எல்லோருக்கும் எளிதில் விளங்கும் நியாயம்.

சிறுநீரகத்தில் இந்த நியாயம் செல்லாது என்பதுதான் என்னை வியப்பில் ஆழ்த்தியது. ஏன் செல்லாது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். குளோமெருலசுக்குள் அதிக இரத்தம் வந்தால் அதிக நீர் வடிகட்டப்படும். அதிகம் வடிகட்டப்பட்டால் அதிக உப்பு குழலுக்குள் வரும். அதிக உப்பு வந்தால் அதை மீட்க அதிக உழைப்பு வேண்டும். களைத்துப்போன ஆளுக்குச் சோறு கொடுப்பதாக எண்ணிக்கொண்டு, அவன் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்றியது போலாகும்! ஆகவே சிறுநீரகம் உழைப்பு மிகும்போது வரவைக் கூட்டுவதில்லை, வேலையையே குறைக்கிறது.

இதற்கு இயற்கை செய்துள்ள ஏற்பாட்டைப் பாருங்கள். நெஃப்ரானின் குழல் எங்கெங்கோ சுற்றி, ஹென்லி வளைவின் ஏறுபகுதி முடியும் இடத்தில், தான் புறப்பட்ட அதே குளோமெருலசின் வாசலுக்குத் திரும்பி வந்து உரசிச் செல்கிறது. உரசும் இடத்தில் ஏறத்தாழ இருபது உயிரணுக்கள் நெருங்கி அமைந்துள்ளன. அவற்றுக்கு மாக்குலா டென்சா, அதாவது அடர்ந்த புள்ளி, என்று பெயர். அவற்றின் ஒருபுறம் குழல் நீர். மறுபுறம் குளோமெருலசுக்கு இரத்தம் கொண்டுவரும் உட்செல் நுண்தமனி.

குழல் நீரில் உப்பு மிகுந்தால் இவ்வுயிரணுக்கள் அதை அதிகமாக உறிஞ்சுகின்றன, ஏ.டி.பி.யை வெளியே விடுகின்றன. அது அடினோசினாகிறது. அடினோசின் நுண்தமனியின் தசையில் உள்ள ஏ1 ஏற்பிகளில் பொருந்துகிறது. தசை சுருங்குகிறது. வாசல் ஒடுங்குகிறது, வடிகட்டுதல் குறைகிறது. கூடவே, உப்பை மீட்கத் தூண்டும் ரெனின் சுரப்பும் அடக்கப்படுகிறது. குழலுக்குள் உப்பு குறைந்தாலோ எல்லாம் தலைகீழாக நடக்கிறது. இதைக் ‘குழல்-குளோமெருலஸ் பின்னூட்டம்’ என்பர்.

ஜெர்மனியில் துரௌ, ஷ்னெர்மன் ஆகிய இருவரும் 1965இல், மாக்குலா டென்சாப் பகுதிக்கு உப்பு நீரைச் செலுத்தி இப்பின்னூட்டத்தைக் காட்டினர். செய்தி செல்வது தெரிந்தது. செய்தி கொண்டுசெல்பவன் யார் என்பது தெரியவில்லை. 1980இல் ஓஸ்வால்டும் அவர் குழுவினரும் அது அடினோசினாக இருக்கலாம் என்றனர். அதை உறுதிப்படுத்த இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின. 2001இல் இரு குழுவினர் ஏ1 ஏற்பியே இல்லாதவாறு மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளை ஆராய்ந்தனர். அவற்றில் இப்பின்னூட்டம் மறைந்துபோயிருந்தது. 2004இல் சி.டி.73 நொதி இல்லாத சுண்டெலிகளில் அது பெரிதும் தளர்ந்திருப்பது தெரிந்தது. அடினோசினாக மாறும் முன்பே ஏ.டி.பி.யும் இச்செய்தியில் பங்கு கொள்கிறது என்று வாதிடும் ஆய்வாளர்களும் உளர். எனினும் ஏ1 ஏற்பியின் பங்கை இச்சோதனைகள் ஐயமின்றி நிலைநாட்டின.

இடத்துக்கு ஏற்ற செய்தி

வாசலைக் காப்பதோடு கணக்குப்பிள்ளையின் வேலை முடிந்துவிடுவதில்லை. குழலின் வழிநெடுகிலும் அவன் இருக்கிறான். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே சொல்லைச் சொல்வதில்லை.

அண்மைச் சுருள்குழலில் ஏ1 ஏற்பியின் வழியாக அடினோசின் சோடியம் மீட்பைத் தூண்டுகிறது. இப்பகுதி சிறுநீரகத்தின் வெளிப்புறமாகிய புறணியில் உள்ளது. அங்கே ஆக்சிஜனுக்குப் பஞ்சமில்லை.

ஹென்லி வளைவின் தடித்த ஏறுபகுதி அகணிக்குள் ஆழ்ந்து செல்வது. அங்கே நிலைமை வேறு. புறணியில் ஆக்சிஜன் அழுத்தம் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் பாதரசம் என்றால், அகணியில் 10 முதல் 20 வரைதான். இவ்வளவு வறுமையிலும் இப்பகுதி கடுமையாக உழைக்கிறது. ஆக்சிஜன் இன்னும் குறைந்தால் உயிரணுக்களே மடியும் அபாயம் உண்டு. இங்கே அடினோசின் ஏ1 ஏற்பியின் வழியாக உப்பு மீட்பைக் குறைக்கிறது; அகணியின் இரத்தக் குழாய்களை ஏ2 ஏற்பிகளின் வழியாக விரிக்கிறது. வேலையையும் குறைத்து, வரவையும் கூட்டுகிறது. புறணியில் ‘மீட்டுக்கொள்’ என்ற அதே மூலக்கூறு, அகணியில் ‘போதும், இளைப்பாறு’ என்கிறது.

கடைசியாகச் சேகரிப்புக் குழல். இதை ஆராய்ந்த வரலாற்றில் விலங்கியல் துறையின் பழைய நண்பனாகிய தவளைக்கு ஓர் இடம் உண்டு. கோபன்ஹேகனைச் சேர்ந்த ஹான்ஸ் உஸ்ஸிங், 1951இல் ஸெரான் என்பவரோடு சேர்ந்து, தவளைத் தோலை இரு நீர்த்தொட்டிகளுக்கு நடுவே பொருத்தி, அதன் வழியே செல்லும் சோடியத்தை மின்னோட்டமாக அளக்கும் முறையை வெளியிட்டார். பின்னர் ஆப்பிரிக்க நகத் தவளையின் சிறுநீரகத்திலிருந்து வளர்க்கப்பட்ட ஏ6 என்னும் உயிரணுக்கள் ஆய்வுக்கூடங்களுக்கு வந்தன. வடிதாள் போன்ற பரப்பின்மேல் இவை ஒரே அடுக்காக வளர்ந்து, சேகரிப்புக் குழலைப் போலவே சோடியத்தை ஒரு புறத்திலிருந்து மறுபுறத்திற்குக் கடத்தும். 1985இல் இவ்வுயிரணுக்களுக்கு அடினோசினைக் கொடுத்தபோது சோடியக் கடத்தல் உயர்ந்தது. உள்தூதனாகிய சைக்ளிக் ஏ.எம்.பி.யும் உயர்ந்தது. இது ஏ2 வகை ஏற்பியின் கைவரிசை.

ஆனால் 2006இல் எலியின் சேகரிப்புக் குழலில் செய்யப்பட்ட சோதனை வேறு கதை சொன்னது. சோடியம் உள்ளே வரும் ஈனாக் என்னும் சிறு வாயில்களை அடினோசின் அங்கே அடக்கியது; அதைச் செய்தது ஏ1 ஏற்பி. இரண்டும் முரண் என்று முதலில் தோன்றும். ஆனால் ஒரே உயிரணுக் குடும்பத்தில் எதிரெதிரான இரு ஏற்பிகள் இருந்தால், எது எத்தனை இருக்கிறது, சவ்வின் எப்புறத்தில் இருக்கிறது, அடினோசின் எவ்வளவு குவிந்திருக்கிறது என்பவற்றைப் பொறுத்து முடிவு மாறும் என்பதில் வியப்பில்லை. ஒரே தராசில் இரு தட்டுகள் இருப்பது குறையன்று. தராசு என்றாலே இரு தட்டுகள்தாம்.

காப்பிக் கோப்பையில் ஓர் ஆய்வு

இதுவரை சொன்னவை சுண்டெலிக்கும் தவளைக்கும் மட்டுமே உரியவை என்று நண்பர்கள் எண்ணிவிட வேண்டாம். காலையில் காப்பி அருந்தும் ஒவ்வொருவரும் தம்மையறியாமல் அடினோசின் ஏற்பிகளோடு விளையாடுகின்றனர். காப்பியில் உள்ள காஃபீன், தேயிலையில் சிறிதளவு உள்ள தியோஃபிலின் ஆகியவை அடினோசினின் பூட்டுகளில் நுழைந்து அடைத்துக்கொள்ளும் போலிச் சாவிகள். பூட்டைத் திறப்பதுமில்லை, உண்மைச் சாவியை நுழைய விடுவதுமில்லை. மூளையில் இதனால் உறக்கம் கலைகிறது. சிறுநீரகத்தில் அண்மைச் சுருள்குழலின் உப்பு மீட்பு தளர்கிறது. உப்போடு நீரும் வெளியேறுகிறது. காப்பி குடித்தால் சிறுநீர் பிரிகிறது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதன் அறிவியல் இதுதான். 2005இல் ஏ1 ஏற்பி இல்லாத சுண்டெலிகளுக்குக் காஃபீனும் தியோஃபிலினும் கொடுத்துப் பார்த்தபோது, உப்பும் நீரும் வழக்கம்போல் மிகுந்து வெளியேறவில்லை. பூட்டே இல்லாத வீட்டில் போலிச் சாவிக்கு வேலை ஏது? நாள்தோறும் காப்பி அருந்திப் பழகியவர்களிடம் இவ்விளைவு குறைந்துவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நோயும் கணக்கும்

இக்கட்டுரைக்கான பொருளை நான் தேர்ந்துகொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. என் தந்தையார் பல ஆண்டுகளாக நீரிழிவு உடையவர். சென்ற ஆண்டு மருத்துவர் அவருக்கு எஸ்.ஜி.எல்.டி.2 தடுப்பான் என்ற வகையைச் சேர்ந்த மாத்திரை ஒன்றைப் புதிதாகச் சேர்த்தார். சில வாரங்கள் கழித்து எடுத்த இரத்தச் சோதனையில் கிரியாட்டினின் அளவு சிறிது ஏறியிருந்தது. சிறுநீரகத்தைக் காக்கக் கொடுத்த மாத்திரை சிறுநீரகத்தையே கெடுக்கிறதோ என்று வீட்டில் அச்சம் பிறந்தது. நிறுத்திவிடலாம் என்றார் சித்தப்பா. மருத்துவரோ, இந்தச் சிறு ஏற்றம் தாம் எதிர்பார்த்ததுதான் என்றும், மாத்திரை தொடரட்டும் என்றும் கூறினார். ஏன் எதிர்பார்த்தார் என்பதைத் தேடியபோதுதான் நான் அடினோசினிடம் வந்து சேர்ந்தேன்.

விளக்கம் இதுதான். நீரிழிவில் வடிநீரில் சர்க்கரை மிகுந்திருக்கிறது. அண்மைச் சுருள்குழல் அச்சர்க்கரையைச் சோடியத்தோடு சேர்த்தே உறிஞ்சுவதால், வழக்கத்தைவிட அதிக உப்பு அங்கேயே மீட்கப்படுகிறது. மாக்குலா டென்சாவை அடையும் உப்பு குறைகிறது. அங்கே அமர்ந்துள்ள கணக்குப்பிள்ளைக்குப் பொய்க்கணக்குச் செல்கிறது. உப்பு வரவு குறைந்துவிட்டது போலும் என்று அடினோசின் அடங்கிவிடுகிறது. வாசல் அகலத் திறக்கிறது. அதிக அழுத்தத்தில் இரத்தம் பாய்ந்து, வடிகட்டுதல் மிகுகிறது. சோதனைத் தாளில் அப்போது சிறுநீரகம் மிக நன்றாக வேலை செய்வதுபோலவே தெரியும். உண்மையில் அது தன் முதலைத் தின்று வாழும் கடைக்காரனின் நிலை. ஆண்டுகள் செல்லச் செல்ல, மிகை அழுத்தத்தால் நுண்குழல் முடிச்சுகள் ஒவ்வொன்றாக நைந்துபோகின்றன.

அம்மாத்திரை சர்க்கரையும் சோடியமும் சேர்ந்து மீட்கப்படும் வழியை அடைக்கிறது. உப்பு மீண்டும் மாக்குலா டென்சாவை அடைகிறது. அடினோசின் எழுகிறது, வாசல் ஒடுங்குகிறது. வடிகட்டுதல் சற்றுக் குறைவதால் கிரியாட்டினின் சற்று ஏறுகிறது. சேதத்தின் அறிகுறியன்று இது. மிகைப் பளு இறக்கப்பட்டதன் அறிகுறி. 2019இல் வெளியான ஆய்வு ஒன்றில், நீரிழிவுற்ற சுண்டெலிகளில் இம்மாத்திரையால் விளையும் நன்மை, ஏ1 ஏற்பியை மருந்தால் அடைத்தபோது மறைந்துவிட்டது. மனிதரில், சிறப்பாக இரண்டாம் வகை நீரிழிவினரில், இரத்தம் வெளியேறும் நுண்தமனி விரிவதும் ஒரு காரணம் என்று 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. வழி எதுவாயினும் முடிவு தெளிவானது. 2019இல் வெளியான கிரெடென்ஸ் ஆய்வில், நீரிழிவால் சிறுநீரக நோயுற்ற 4,401 பேரில், கனாகிளிஃபுளோசின் உண்டவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழத்தல் முதலான கடும் விளைவுகள் நேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 30 விழுக்காடு குறைந்தது. 2020இல் டாபாகிளிஃபுளோசினைக் கொண்டு 4,304 பேரிடம் நடந்த ஆய்வில் இக்குறைவு 39 விழுக்காடு. அவர்களுள் நீரிழிவு இல்லாதவர்களும் இருந்தனர்.

இவ்விளக்கத்தை ஒரு தாளில் படம் வரைந்து நான் வீட்டில் காட்டினேன். தந்தையார் மாத்திரையைத் தொடர்கிறார். ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கிரியாட்டினின் ஏறுவதெல்லாம் நன்மை என்று யாரும் பொருள் கொள்ளக் கூடாது. எந்த ஏற்றம் எதிர்பார்த்தது, எது ஆபத்தானது என்று பிரித்தறிவது மருத்துவரின் வேலை. அவரைக் கேளாமல் மாத்திரையைத் தொடங்குவதும் தவறு, நிறுத்துவதும் தவறு.

அடினோசினைப் பற்றிய அறிவு எல்லா இடத்திலும் வெற்றியே தந்துவிடவில்லை. இதயம் தளர்ந்து உடலில் நீர் தேங்கியவர்களுக்கு ஏ1 ஏற்பியை அடைத்தால், காப்பி செய்வதைப் போல உப்பும் நீரும் வெளியேறும். வாசலும் திறந்தே இருப்பதால் சிறுநீரகமும் தளராது என்று அறிஞர்கள் கருதினர். கருத்து அழகானது. ரோலோஃபிலின் என்ற மருந்தை 2,033 நோயாளிகளிடம் சோதித்து 2010இல் முடிவை வெளியிட்டனர். எதிர்பார்த்த நன்மை கிட்டவில்லை. மருந்து பெற்றவர்களில் சிலருக்கு வலிப்பும் வந்தது. மூளையிலும் ஏ1 ஏற்பி உண்டு அல்லவா? தெருவைத் தாண்டாத தூதனின் வாயை உடல் முழுவதும் ஒரே நேரத்தில் அடைத்தால், எந்தத் தெருவில் எந்தச் செய்தி நின்றுபோகும் என்பதை முன்கூட்டிச் சொல்வது எளிதன்று.

இவ்விரண்டு மருந்துகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஒன்று கணக்குப்பிள்ளையின் வாயை அடைத்தது, தோற்றது. மற்றொன்று அவன் முன் மெய்க்கணக்கை வைத்தது. எஞ்சியதை அவனே பார்த்துக்கொண்டான்.

பாடநூலில் கழிவு என்று ஒரே சொல்லில் நாம் கடந்துபோகும் பொருள்களுள் ஒன்று, செய்தியாகவும் இருக்கிறது என்பதே இம்மூலக்கூறு எனக்குக் கற்பித்த பாடம். எரிந்த விறகின் சாம்பலே, அடுத்த கட்டை விறகை அடுப்பில் வைக்கலாமா என்று முடிவு செய்கிறது. பொருளாதாரம் பயிலும் நண்பர்கள் பற்றாக்குறை வரவு செலவுத் திட்டத்தைப் பற்றி அடிக்கடி விவாதிப்பதைக் கேட்டிருக்கிறேன். ஒருநாள் அவர்களை எங்கள் ஆய்வுக்கூடத்திற்கு அழைத்து வந்து, நுண்ணோக்கியின் கீழ் குளோமெருலசின் வாசலில் நெருங்கி நிற்கும் அந்த இருபது உயிரணுக்களைக் காட்ட ஆசை. செலவு ஏறும்போது கடன் வாங்காமல் வேலையைக் குறைத்துக்கொள்ளும் ஒரு நிருவாகம், நம் ஒவ்வொருவரின் விலாவுக்குப் பின்னாலும் இரவு பகலாக நடந்துகொண்டிருக்கிறது.